தவிட்டுத் தொட்டி

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் எனக்குத் தவிட்டுத் தொட்டி வேலை. கோதுமைத் தவிட்டைக் கரைத்துப் புளிக்கவிட்டு, சுண்ணாம்பு போக்கிய ஆட்டுத்தோலை அதில் ஊறவைப்போம். தொட்டி நுரைத்துப் பொங்கினால்தான் தோல் இளகும். பக்கத்தில் காதை வைத்தாலே அது உயிரோடிருக்கிறதா என்று சொல்லிவிடுவேன்.

போன வருஷம் மேஸ்திரி தவிட்டுக்குப் பதிலாக மலிவான வெள்ளை மில் மாவைக் கொட்டினான். நாலே நாளில் தொட்டி செத்தது. பிறகு சம்பா கோதுமைத் தவிடு போட்டும் எழும்பவில்லை. பக்கத்துத் தொட்டியிலிருந்து ஒரு சட்டி மொண்டு ஊற்றிய பிறகே பொங்கியது.

என் மனைவி சவுரியம்மாளுக்குச் சீதபேதி நின்றும் வயிறு தேறவில்லை. கம்பவுண்டர் வெள்ளை மாவுக் கஞ்சி மட்டுமே கொடுக்கச் சொன்னான். தொட்டியைக் கொன்ற அதே மாவு. தெரிந்தும் நாலு மாதம் கொடுத்தேன். படித்தவன் பேச்சைக் கேட்ட என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். அவள் எலும்பும் தோலுமான பிறகே சம்பா கோதுமையைத் தவிட்டோடு அரைத்துக் காய்ச்சினேன்.

"இதுக்கு மாத்தியும் ஒண்ணும் செரிக்கலியேய்யா," என்றாள் இன்று காலை.

அவள் வயிற்றில் காதை வைத்தேன். சத்தமே இல்லை.

"தொட்டின்னா பக்கத்துலேர்ந்து ஒரு சட்டி மொண்டு ஊத்துவேன்," என்றேன்.

"எனக்கும் ஊத்தேன்," என்று சிரிக்கப் பார்த்தாள்.

எங்கிருந்து மொள்வது? காலையில் தின்ற கேழ்வரகுக் களியைச் செரித்தபடி, அவள் பக்கத்திலேயே என் வயிறு உயிருள்ள தொட்டிபோலக் கடமுடவென்று இரைந்துகொண்டிருந்தது.