சின்னவன் பங்கு

“சின்னவன் பேசறேன். வயசு இருபத்தெட்டு. இப்ப ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல, போர்வை மடிக்கிற மேசை பக்கத்துல நிக்கிறேன்.”

சொன்னதையெல்லாம் கைப்பேசி எழுத்தாக்கியது. பெற்ற அப்பாவிடம் வயதைச் சொல்வானேன்? போலீஸில் வாக்குமூலம் கொடுப்பவன் மாதிரி இருந்தது. அழித்தான். மறுபடியும் அதையே சொன்னான். வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

ஆறு வருஷத்துக்கு முன் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது, தினமும் நடக்கச் சொன்னார் டாக்டர். நாற்பது வருஷம் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தே தேய்ந்த மனிதர். “போடா, வேலையத்தவன் மாதிரி தெருவை அளக்கச் சொல்றியா?” என்றார். “நானும் இங்க நடக்கிறேன்ப்பா. யார் எவ்வளவுன்னு பார்த்துடலாம்” என்று உசுப்பேற்றியவன் இவன்தான். அன்றிலிருந்து தினமும் கைப்பேசி எண்ணிய காலடிக் கணக்கு இரண்டு, இந்தக் குளிர் நாட்டிலிருந்து ஒன்று, ஊரிலிருந்து ஒன்று.

முதல் வருஷம் நிஜமாகவே நடந்தான். அப்புறம் குளிர், இரட்டை ஷிஃப்ட், சோம்பல். ஒருநாள் துணி பிழிகிற மிஷின்மேல் கைப்பேசியை மறந்து வைத்துவிட்டான். மிஷின் குலுங்கிய குலுக்கலில் அது பதினோராயிரம் அடி நடந்து முடித்திருந்தது. விளையாட்டாக அனுப்பினான். “சிங்கம்டா நீ!” என்று அப்பாவின் குரல் வந்தது. அதோடு தொலைந்தது. ஐந்து வருஷமாக மிஷின் நடந்தது, அப்பா அதைத் துரத்தினார். இவனுக்குத் தொப்பை விழுந்தது. வீடியோவில் கழுத்துக்கு மேலே மட்டும் காட்டப் பழகிக்கொண்டான்.

போன செவ்வாய்க்கிழமை மிஷின் பழுதாகி நின்றது. எண் ஆயிரத்தைத் தாண்டவில்லை. காய்ச்சல் என்று புளுகினான்.

மறுநாள் அக்கா கூப்பிட்டாள். “ஏழாயிரம் முடிச்சிட்டு வந்து அக்கடான்னு உட்கார்ந்தாருடா. உனக்குக் காய்ச்சல்னதும் திரும்பச் செருப்பை மாட்டிட்டாரு. ‘பாவம், அவன் பங்கையும் நடந்துட்டு வந்துடறேன்’னு. தரையெல்லாம் மழை ஈரம். வழுக்கி விழுந்து முட்டி பூசணிக்காயா வீங்கிக் கிடக்கு.”

பின்னாலிருந்து அப்பா கத்தினார். “அவன்கிட்ட ஏன்டி சொல்றே? டேய், காய்ச்சல் விட்டுச்சா? மாத்திரை போட்டியா?”

“போட்டேன்ப்பா.”

ஐந்து வருஷப் பொய் இந்த ஒரு வார்த்தை அளவுக்குக் கனக்கவில்லை.

சொல்லாவிட்டால் கட்டுப்போட்ட காலோடு மிஷினைத் துரத்தக் கிளம்பிவிடுவார். சொன்னால், மகனே ஏமாற்றிய பிறகு எனக்கென்ன நடை என்று ஒரேயடியாக உட்கார்ந்துவிடுவார். அந்த நெஞ்சு தாங்குமா?

இன்று சாப்பாட்டு நேரத்தில், கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கூடத்தைச் சுற்றி வந்தான். மூன்றாம் சுற்றிலேயே நாய் மாதிரி இரைத்தது. விலாவைப் பிடித்துக்கொண்டு இன்னும் சில சுற்று. பழுது பார்த்த மிஷின், மேலே ஒன்றுமில்லாமல், அதன்பாட்டுக்குக் குலுங்கிக்கொண்டிருந்தது.

மேசைக்குத் திரும்பிக் கைப்பேசியை வாயருகே கொண்டுபோனான்.

“அப்பா, அஞ்சு வருஷமா நான் நடக்கலை. மிஷின் மேல போனை வெச்சு ஏமாத்தினேன். காய்ச்சலும் பொய். இன்னைக்குத்தான் நடந்தேன். ரெண்டாயிரத்து நூத்திப்பத்து. முட்டி சரியாகிற வரைக்கும் நீங்க உட்காருங்க. உங்க பங்கை நான் நடக்கிறேன். அப்புறம் நீங்க எழுந்துக்கணும்ப்பா, விட்டுடக் கூடாது. அக்கா, எழுத்தா வந்தா அப்பா உன்கிட்டத்தான் நீட்டுவாரு, இதைப் படிக்கப் போறது நீதான். அவர் செருப்பை மாட்டறதுக்கு முன்னாடி படிச்சுக் காட்டிடு.”