இருவருக்கும் ஒரே பத்தியம்

ஞானசீலனுக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது என்று தெரிந்த பிறகு, பதுளையில் கிளினிக்குக்குப் போனபோது சாப்பாட்டையும் மாற்றச் சொன்னார்கள். பருப்பு, கடலை, முட்டை, கருவாடு எல்லாவற்றிலும் புரதம் இருக்கிறது, அதன் கழிவை வெளியேற்ற உங்கள் சிறுநீரகத்துக்குப் பலம் இல்லை, மிகக் கொஞ்சமாகத்தான் சேர்க்கலாம் என்று அங்கிருந்த நர்ஸ் மிஸ் பொறுமையாகச் சொன்னார்.

"பசிச்சா சோறு கூடப் போட்டுக்கலாமா, மிஸ்?"

"போட்டுக்கங்க."

போட்டுக்கொண்டான். நமுனுகுலத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து மூட்டை தூக்கிய உடம்பு. தட்டு நிறையச் சோறும் புடலங்காயும் தின்று எழுந்தால் வயிறு இறுகி நிற்கும். கொழுந்து லொறி போய்த் திரும்புவதற்குள் மறுபடி பசிக்கும். முன்பெல்லாம் காலையில் ரொட்டியும் பருப்பும் தின்றால் மத்தியானம்வரை சாப்பாட்டு நினைப்பே வராது. இப்போது வேறு நினைப்பே வரவில்லை. வேலைக்கும் போக முடியாது. சுவரொட்டிய வரிசை வீடுகள் கொண்ட லயத்தில் பக்கத்து வீட்டில் நெத்தலி பொரித்தாலும் இவன் வீட்டு அடுப்பில் பொரிவதுபோல்தான். கதவைச் சாத்தினால் உள்ளே புகை, திறந்தால் வாசம்.

அவன் மனைவி அற்புதமலர், அவன் தட்டில் விழும் அரைக் கரண்டிப் பருப்போடு தானும் நிறுத்திக்கொண்டாள்.

"நீ ஏன் இப்புடி சாப்புடுற? ஒனக்கும் கிட்னி வருத்தமா?"

"ஒங்கள வச்சுக்கிட்டு எனக்குத் தொண்டையில எறங்குமா?"

அதற்குமேல் அவனால் திட்டவும் முடியவில்லை. அவள் தட்டைப் பார்க்காமலே தின்று எழுவான்.

ஒரு நாள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவள் தலைசுற்றிக் கூடையோடு சரிந்தாள். பக்கத்து வீட்டுச் சஜீவனி கைத்தாங்கலாகக் கொண்டுவந்து படுக்க வைத்தாள்.

"அண்ணே, அக்கா மலையில எங்ககூட உக்காந்து சாப்புடுறதே இல்ல. ஒரு துண்டு கருவாடு குடுத்தாலும் வேணாங்குது."

ஞானசீலன் கடைக்குப் போனான். முட்டையும் கொஞ்சம் நெத்தலியும் வாங்கிவந்து அடுப்பை மூட்டினான். எண்ணெயில் நெத்தலி சுருண்டபோது வாய் ஊறியது. ஒன்று எடுத்தால் என்ன என்று தோன்றியது. ஒன்றோடு நிற்கமாட்டோம் என்று அவனுக்குத் தெரியும்.

தட்டை அவள் மடியில் வைத்தான்.

"நீங்க வெளிய போங்க. அப்பறம் திங்கிறேன்."

"போக மாட்டேன். நீ தின்னமாட்ட."

"என்னால முடியாதுங்க."

"என் பசிய நீயும் பட்டா அது பாதியாயிருமா, மலரு? ரெண்டாத்தானே ஆகுது."

அவள் அவனைப் பார்க்காமல் தின்றாள். முதல் வாய் விழுங்க நெடுநேரம் பிடித்தது. பிறகு வேகமாகத் தின்றாள், அந்த வேகத்துக்கு வெட்கப்பட்டு அழுதாள், அழுதுகொண்டே தட்டை வழித்தாள். அன்று மாலைவரை அவளுக்குப் பசிக்கவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவனுக்குப் பசித்தது.

அடுத்த கிளினிக்கிலும் அதே சாப்பாட்டைத்தான் தொடரச் சொன்னார்கள். எவ்வளவு காலத்துக்கு என்று அவன் கேட்கவில்லை.

காலையில் அவளுக்கு முட்டை அவிப்பது இப்போது அவன் வேலை. ஓட்டை உரித்து, உப்புத் தூவி, அவள் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் புறப்படுமுன் கையில் கொடுப்பான். அவள் போனதும் தண்ணீர்ப் பீலிக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கையைத் தேய்ப்பான், முகர்ந்து பார்ப்பான், மறுபடி தேய்ப்பான்.