கதவில் சாயாதீர்

“வேண்டாம்னா விட்டுடுங்க தம்பி, அந்த ஆளை மட்டும்...”

“காரணம் சொல்லுங்க மேடம், காரணமே இல்லாம நான் எப்படி...”

“...பட்டியல்ல இருந்து எடுத்துடுங்க. மீதி ஒன்பது பேரைப் போட்டுக்குங்க, நான் ஒண்ணும்...”

“ஒன்பதா? ஒன்பதுன்னு எவனாவது தலைப்பு வைப்பானா?”

அதற்குப் பிறகுதான் இரண்டு பேரும் மூச்சு விட்டார்கள். கண்ணாடி அறைக்கு வெளியே இருபது பேர் தட்டச்சை நிறுத்திவிட்டு, தட்டச்சுவதுபோல விரலை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த அலுவலகத்தில் கூப்பிடுவதில் ஒரு முறை உண்டு. ஆசிரியர் நல்ல மனநிலையில் இருந்தால் அவளை ‘அக்கா’ என்பார், கோபம் வந்தால் ‘மேடம்’. அவளுக்கு அவர் எப்போதும் ‘சார்’, கோபம் வந்தால் மட்டும் ‘தம்பி’. மேடமும் தம்பியும் ஒரே நேரத்தில் கேட்டதால் விஷயம் முற்றிவிட்டது என்று இருபது பேருக்கும் விளங்கிவிட்டது.

அவள் அங்கே பதினைந்து வருடமாகப் பிழை திருத்துகிறவள். ஆசிரியருக்கு முதுகுக்குப் பின்னால் ‘பத்து’ என்று பெயர். நாலாவது மாடியில் இருந்துகொண்டு இணையத்துக்குக் கட்டுரை செய்து தள்ளும் நிறுவனம் அது. நிம்மதியாகத் தூங்கப் பத்து வழிகள், மருமகள் மனசைப் பிடிக்கப் பத்து வார்த்தைகள், எதற்கும் பத்துதான். ஒருமுறை ஒரு பெண் பதினோரு நல்ல காரணம் கொண்டுவந்தாள். ஒன்றைக் குப்பையில் போடச் சொன்னார். எட்டோடு வந்த பையனிடம் இன்னும் இரண்டை யோசித்துக்கொண்டு வா என்றார். யோசித்துக்கொண்டு வந்த அந்த இரண்டைத்தான் ஊரே பகிர்ந்தது.

மூன்று மாதத்துக்கு முன்னால் ‘பல்வலியை விரட்டப் பத்து வழிகள்’ அவள் மேசைக்கு வந்தது. ஆறாவது வழி அவளுக்குச் சரியாகப் படவில்லை. சரிபார்க்கலாம் என்று தேடப்போய், ஒரு பல் மருத்துவர் சொந்தமாக நடத்தும் வலைப்பூவில் போய் விழுந்தாள். அதில் விளம்பரம் இல்லை, வழிகளும் இல்லை. வாயைத் திறந்து வைத்திருப்பவரிடம் தான் ஏன் இருபத்திரண்டு வருடமாகக் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிறோம், பதில் வராது என்று தெரிந்தும், என்று அந்த மனிதர் நிதானமாக யோசித்து எழுதியிருந்தார். அவள் இரண்டு தடவை படித்தாள். ஆறாவது வழியை மறந்தே போனாள்.

அந்தப் பக்கத்தின் ஓரத்தில் ‘நான் எட்டிப் பார்க்கும் ஜன்னல்கள்’ என்று ஒன்பது பெயர்கள் இருந்தன. ஒன்றைத் தொட்டால் பேருந்து நிறுத்தத்து பெஞ்சுகளைப் பற்றி மட்டுமே எழுதுகிறவர். முன்பின் தெரியாத இரண்டு பேர் இடிக்காமல் உட்கார எத்தனை அங்குலம் வேண்டும் என்று அளந்து வைத்திருந்தார். அவருடைய ஓரத்தில் இன்னொரு பட்டியல். அதில் ஒரு தாய், மகள் கேட்டுத் தனக்குப் பதில் தெரியாத கேள்விகளைத் தேதி போட்டு எழுதி வைத்திருந்தாள். பதில் தேடிப் போடவே இல்லை. அங்கிருந்து போனால் மனைவியை இழந்த ஒருவர் துணி துவைக்கும் இயந்திரத்தோடு நடத்திய போராட்டம், மூன்று பாகம். மூன்றாம் பாகத்தில் அந்த இயந்திரத்தின் திருகில், எந்த எண்ணில் நிறுத்த வேண்டும் என்று மனைவி நகப்பூச்சால் எப்போதோ வைத்திருந்த சிவப்புப் புள்ளியைக் கண்டுபிடிக்கிறார். அவ்வளவுதான் கதை. அன்றைக்கு அவள் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய் இறங்கினாள்.

அப்படி ஜன்னல் ஜன்னலாக எட்டிப் பார்த்துப் போனதில் கடைசியாக வந்து சேர்ந்தது ‘கதவில் சாயாதீர்’. எழுதுகிறவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர், பெயர் போடவில்லை. பெட்டிக்குள் ஏறியதும் மனிதர்களின் குரல் எப்படி இறங்குகிறது, ஒருவர் இறங்கிய பிறகு மற்றவர்கள் அவரைப் பற்றி எத்தனை மாடி பேசுகிறார்கள், எல்லாம் இருந்தது. திரையில் படித்தால் அவளுக்கு ஒட்டாது. அலுவலக அச்சு இயந்திரத்தில் எடுத்து, பேனாவோடுதான் படிப்பாள். கை சும்மா இருக்குமா? பன்னிரண்டு பிழையைக் குறித்து அவருக்கே அனுப்பிவிட்டாள். மறுநாள் பதில் வந்தது. பத்தைத் திருத்திவிட்டேன், மீதி இரண்டு பிழை இல்லை, நான் பேசுவதே அப்படித்தான். பதினோரு பேர் படிப்பதாகக் காட்டுகிறது, அதில் ஒருவர் பேனாவோடு படிக்கிறார் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. பதினைந்து வருடச் சம்பள உயர்வுக் கடிதம் எதையும் அவள் இத்தனை தடவை எடுத்துப் பார்த்ததில்லை.

போன வாரம் அவர் ‘ஏழு அமுக்கு’ என்று ஒன்று எழுதினார்.

“மாதம் ஒருமுறை போகும் கட்டடத்தில் ஒரு பெரிய மனுஷர் இருக்கிறார். ஏறியதும் கதவு மூடும் பொத்தானை ஏழு தடவை அமுக்குவார். ஆறு இல்லை, எட்டு இல்லை. அந்தப் பொத்தானின் ஒயர் கழன்று ஆறு வருஷம் ஆச்சு. கதவு தன் நேரத்துக்குத் தானாக மூடுகிறது. ஐந்து நிமிஷத்தில் மாட்டிவிடலாம், நான் மாட்டவில்லை. ஏழாவதில் கதவு மூடும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். ஒரு நாளில் அவர் சொன்னபடி கேட்கிற பொருள் இன்னொன்று இருக்குமா, தெரியவில்லை.”

மூன்றாம் எண்ணுக்குக் கீழே யாரோ ஒட்டிய சூயிங்கம் காய்ந்து முயல் வடிவத்தில் இருப்பதாகவும் அதில் ஒரு வரி. அன்று மாலை அலுவலக லிஃப்டில் இறங்கும்போது அவள் குனிந்து பார்த்தாள். முயல் இருந்தது. அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம்தான் அந்தப் பெரிய மனுஷர் யார் என்று உறைத்தது. கட்டடம் ஆசிரியரின் மாமனாருடையது. லிஃப்ட்காரருக்கு வருடா வருடம் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பவரும் அதே மாமனார்தான்.

தப்பு அவளுடையது. படித்து முடித்த தாளை அச்சு இயந்திரத்தின் தட்டிலேயே மறந்து வைத்துவிட்டாள். எடுத்தவர் பத்து. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, எல்லாரையும் கூப்பிட்டுச் சத்தமாகப் படித்துக் காட்டினார். எந்தப் பைத்தியக்காரன் இப்படி ஏழு தடவை அமுக்குவான் என்று கேட்டார். அவரோடு தினமும் லிஃப்டில் வரும் இருபது பேரும் சிரித்தார்கள், அவர் சிரித்ததைவிட அதிகமாகவே.

அவருக்கு எங்கிருந்துதான் சுறுசுறுப்பு வந்ததோ, ஓரத்துப் பட்டியல்களைப் பிடித்துக்கொண்டே போய் எல்லாவற்றையும் தோண்டி எடுத்துவிட்டார். ‘தவறவிடக் கூடாத பத்து வலைப்பூக்கள்’. அப்படியே போட்டால் யார் படிப்பார்கள் என்று கொஞ்சம் செதுக்கவும் செய்தார். பல் மருத்துவர் ‘வாயைத் திறந்தால் வரும் பத்து நன்மைகள்’ ஆனார். சிவப்புப் புள்ளி வைத்த மனைவி ‘துணி துவைக்கப் பத்து எளிய குறிப்புகள்’ ஆனாள். லிஃப்ட்காரருக்கு வாழ்க்கைப் பாடங்கள், அவையும் பத்து. எழுதியவரின் பெயரும் புகைப்படமும் வேண்டும், நீங்களே எழுதிக் கேளுங்கள் அக்கா என்றார். அங்கேதான் அக்கா மேடமானாள்.

கண்ணாடி அறையில் அவள் என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். உண்மைக் காரணத்தைத் தவிர எல்லாக் காரணமும் சொன்னாள். எழுதுகிறவர் கூச்ச சுபாவி என்றாள். கூச்சப்படுகிறவன் எதற்கு எழுதுகிறான் என்று கேட்டார் ஆசிரியர். அவர் நாற்காலியில் சாய்ந்தார்.

“நீங்க மட்டும் படிக்கணும்னு ஆசை. அதானே மேடம்?”

சுருக்கென்று தைத்தது. பாதி உண்மை என்பதால் இன்னும் ஆழமாகத் தைத்தது. வெளியே வந்தாள்.

அன்று லிஃப்டுக்கு மாதாந்திரப் பராமரிப்பு நாள். நாலாவது மாடியில் கதவு திறந்து நின்றது. உள்ளே ஒருவர் பொத்தான் பலகையைக் கழற்றி வைத்துவிட்டு முழங்காலிட்டிருந்தார். ஆறு வருடமாகப் பார்க்கும் முதுகு. எவ்வளவு நேரம் ஆகும் என்பதைத் தவிர அந்த முதுகிடம் அவள் எதுவும் கேட்டதில்லை.

“அந்த முயல் இன்னும் அங்கதான் இருக்கு,” என்றாள்.

திருப்புளி நின்றது. அவர் திரும்பவில்லை.

“பேனா மேடமா?”

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். பட்டியல், புகைப்படம், மாமனார், தட்டில் மறந்த தாள். அவர் பொறுமையாகக் கேட்டார். தன்னைப் பற்றித்தான் என்று அந்த மனுஷருக்குத் தெரியுமா என்று விசாரித்தார். தெரியாது என்றாள். ரசித்தாரா என்று அடுத்த கேள்வி. கண்ணில் தண்ணீர் வர ரசித்தார் என்றதும், வேலை போகப்போகிறவரின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். எழுதுகிறவர்களே இப்படித்தான் என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

‘ஏழு அமுக்கு’ ஒன்றை மட்டும் வலைப்பூவிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று சொல்லத்தான் வந்திருந்தாள். பதினைந்து வருடத்தில் எத்தனையோ ஆயிரம் வரி வெட்டியிருக்கிறாள். இதை வெட்டச் சொல்ல மனம் வரவில்லை. கழற்றிய பலகைக்குப் பின்னால் ஒற்றை ஒயர் ஒன்று தொங்குவதைப் பார்த்தாள்.

“அதை மாட்டிடுங்க. பட்டன் வேலை செஞ்சா, நீங்க எழுதினது இந்த லிஃப்டைப் பத்தியே இல்லன்னு ஆயிடும்.”

அவர் ஒயரை விரலில் பிடித்துப் பார்த்தார்.

“மாட்டினா முதல் அமுக்குலயே கதவு மூடிக்கும் மேடம். மீதி ஆறை வச்சுக்கிட்டு அவர் என்ன பண்ணுவார்?”

சிரிக்கக் கூடாத நேரத்தில் அவள் சிரித்துவிட்டாள். அதற்குள் பின்னால் காலடிச் சத்தம். மாமனார் கீழே காத்திருக்கிறார், சீக்கிரம் என்றபடி ஆசிரியர் வந்தார், கையில் அதே தாள். லிஃப்ட்காரர் ஒயரை உள்ளே தள்ளி, மாட்டாமலே, பலகையை வைத்துத் திருகினார். அவரைத் தனியாக விட மனமில்லாமல் அவளும் ஏறிக்கொண்டாள்.

ஆசிரியர் தாளில் கண்ணை வைத்தபடியே பொத்தானை அமுக்கினார். ஒன்று. இரண்டு. கட்டுரைக்கு ஒரு லிஃப்ட் படம் வேண்டும், இங்கேயே எடுத்துவிடலாமா என்று அவளிடம் கேட்டார். மூன்று. நான்கு. கோணம் பார்ப்பதற்காகத் தலையைத் தூக்கினார். பொத்தான் வரிசைக்கு மேலே, எல்லா லிஃப்டிலும் இருப்பதுபோல, அந்த எச்சரிக்கை: கதவில் சாயாதீர். ஐந்து. பார்வை அங்கிருந்து மூன்றாம் எண்ணுக்குக் கீழே இறங்கி, தாளுக்குப் போய், மறுபடி முயலுக்கு வந்தது.

ஆறு.

விரல் அந்தரத்தில் நின்றது. கதவு திறந்தே இருந்தது. லிஃப்ட்காரர் கருவிப் பெட்டிக்குள் எதையோ தேடினார். அவள் எச்சரிக்கைப் பலகையை, பிழை இருக்கிறதா என்று பார்ப்பதுபோல, எழுத்து எழுத்தாகப் படித்தாள்.

“அண்ணே,” என்றார் ஆசிரியர், விரலை இறக்காமல், “இந்த பட்டன்ல ஒயர் இருக்கா?”