லைட்டுக் கடையில் தூங்கிய பணம்

'டமால்' என்று இரும்பு விழுந்த சத்தத்தில் அரங்கமே அதிர்ந்தது. மேடையில் கடைசி ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த ராஜா, அட்டைக் கிரீடத்தைப் பிடித்துக்கொண்டு பாதி வசனத்தில் நின்றுவிட்டான்.

டிக்கெட் மேஜையில் இருந்த சில்லறை எழுந்து வெளியே ஓடினாள்.

சில்லறை என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. பல்கலைக்கழக நாடக மன்றத்துக்குப் பொருளாளர் ஆன முதல் வாரத்திலேயே, டீ வாங்கிய பணத்தில் மிச்சக் காசைக் கேட்டு ஒரு சீனியரைக் கேன்டீன் வரைக்கும் துரத்தியவள். பட்டம் அன்றைக்கு ஒட்டிக்கொண்டது. அதில் அவளுக்கு உள்ளூரப் பெருமைதான்.

வாசலில் வேனின் பின்கதவு திறந்து கிடந்தது. லைட்டுக் கடைக்காரர், காலையில் இறக்கிய ஸ்டாண்டுகளை மறுபடி உள்ளே ஏற்றிக்கொண்டிருந்தார். அதில் ஒன்றுதான் கை நழுவிப் படிக்கட்டில் விழுந்திருந்தது.

"அண்ணே, என்ன இது? சாயங்காலம் நாடகம்ணே!"

"தெரியும்மா. வாடகைய லைட்டு இறக்கினதுமே தரோம்னு உங்க டைரக்டர் பொண்ணு சொல்லிச்சு. காலையிலேருந்து கேக்குறேன், இதோ அதோன்னு இழுக்குது. எனக்கு இன்னொரு ஆர்டர் காத்துக்கிட்டு இருக்கு. காச வெச்சா இறக்குறேன், இல்லன்னா கிளம்புறேன்."

சில்லறைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சிரித்தேவிட்டாள்.

"இவ்வளவுதானா? எங்க பணம்தான் உங்ககிட்டயே இருக்கே. அதுல கழிச்சுக்குங்க."

கடைக்காரர் அவளை விநோதமாகப் பார்த்தார். பிறகு, வாசலில் தலை நீட்டிக்கொண்டிருந்த மாணவர் கூட்டத்தைப் பார்த்தார். "அத இப்ப எதுக்கும்மா..." என்று இழுத்து, மீதியை விழுங்கினார்.

அந்தப் பணத்தின் கதை மூன்றே பேருக்குத்தான் தெரியும். கடைக்காரர், சில்லறை, டைரக்டர்.

மன்றங்களுக்கு ஒதுக்கிய பணத்தில், ஆண்டு முடிவதற்குள் செலவழிக்காததைப் பல்கலைக்கழக அலுவலகம் திரும்ப எடுத்துக்கொள்ளும். போதாக்குறைக்கு, "இவர்களுக்கு இவ்வளவு தேவையில்லை போலிருக்கிறது" என்று அடுத்த வருட ஒதுக்கீட்டிலும் கை வைக்கும். சிக்கனமாக இருந்ததற்குப் பரிசு! அதனால் எல்லா மன்றங்களும் காதும் காதும் வைத்த மாதிரி ஒரு காரியம் செய்யும். தெரிந்த கடையில், நடக்காத வேலைக்கு ஒரு பில். பில்லுக்கு அலுவலகம் பணம் கொடுத்துவிடும். பணம் கடையிலேயே தூங்கும். அடுத்த வருடம் எழுப்பிக்கொள்ளலாம்.

போன வருடம் சில்லறை முடியவே முடியாது என்றுதான் சொன்னாள். டைரக்டர் அவள் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கரைத்தாள். இருவரும் விடுதியில் ஒரே அறை. நாடகத்தை இயக்குகிறவள் என்பதால் எல்லோருக்கும் அவள் டைரக்டர்.

"ஏன்டி, வாயக் கட்டி வயித்தக் கட்டி நீ மிச்சம் புடிச்ச காசு. தூக்கி ஆபீஸ்காரங்ககிட்ட குடுப்பியா? நம்ம என்ன வீட்டுக்கா எடுத்துட்டுப் போறோம்? அடுத்த நாடகத்துக்குத்தானே!"

விடுமுறைக்கு விடுமுறை சில்லறையின் வீட்டுக்கு வந்து தங்குகிறவள். சில்லறையின் அப்பாவுக்கு அவள் 'சின்ன மக'. இவள் பேச்சை நம்பாமல் வேறு யார் பேச்சை நம்புவது? சில்லறை கையெழுத்துப் போட்டாள். வாழ்க்கையில் அவள் போட்ட ஒரே பொய்க் கையெழுத்து.

"ஏண்ணே பேச மாட்டேங்கிறீங்க? பணம் இருக்கா, இல்லயா?"

"இல்லம்மா."

"இல்லன்னா? எங்க போச்சு?"

கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டு, கைத்துணியால் ஸ்டாண்டைத் துடைக்க ஆரம்பித்தார்.

சில்லறைக்கு உச்சந்தலை வரை சூடேறியது. "முழுங்கிட்டீங்களா? படிக்கிற பிள்ளைங்க காசு எப்படிண்ணே உங்களுக்குச் செரிச்சுது?"

"நாடகத்துல வர்ற திருடன் நான்தான்னு இல்ல நெனச்சேன்" என்றான், பின்னாலேயே வந்திருந்த மந்திரி வேடக்காரன். கூட்டம் கொல்லென்று சிரித்தது. கடைக்காரரின் முகம் சிவந்து கறுத்தது. துடைத்த ஸ்டாண்டைத் தூக்கி வேனுக்குள் வைத்தார்.

டைரக்டர் எங்கிருந்தோ ஓடி வந்து, சில்லறையின் கையைப் பிடித்துத் திரைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

"ஊரக் கூட்டாதடி! அந்தப் பணத்த மறந்துடு."

"மறக்குறதா? அவர் நம்மள ஏமாத்திட்டாருடி."

"யார்கிட்ட போய்ச் சொல்லுவ? பில்லே பொய். கையெழுத்து உன்னோடது."

"நம்மளோடதுன்னு சொல்லு."

"சரி தாயே, நம்மளோடது. டிக்கெட் பெட்டியத் தொற. அவருக்கு வாடகையக் குடுத்துடலாம்."

"டிக்கெட் பணம் அப்படியே ஆபீஸ்ல கட்ட வேண்டியதுடி."

"குறையுற காசுக்கு ஒரு பில் வாங்கிக்கலாம்."

"இன்னொரு பில்லா?"

சில்லறையின் கைபேசி அடித்தது. அப்பா. "ஸ்கூட்டர எடுத்துட்டேம்மா. மொத வரிசைதானே? அரங்கம் மூணாவது மாடியில இருந்தாக்கூடச் சொல்லு, ஓடியே ஏறிடுறேன். சின்ன மகளுக்கும் சேர்த்துச் சாப்பாடு கட்டியாச்சு."

அந்த நிலையிலும் சில்லறைக்குப் புன்னகை வந்தது. "அப்பா கிளம்பிட்டாருடி. உனக்கும் சாப்பாடு வருதாம்."

டைரக்டரின் முகத்தில் ஈயாடவில்லை. "இங்கயா? இன்னிக்கா?"

"டிக்கெட் வாங்கி எத்தன நாளாச்சு! நாடக பயத்துல உனக்கு எல்லாமே மறந்துபோச்சு."

"சரி, மொதல்ல காசக் குடுத்து லைட்டுக்காரர அனுப்பிடு. லைட்ட நம்ம பசங்களே போட்டுக்குவாங்க. அப்பா வர்ற நேரத்துல அவர் இங்க நிக்க வேணாம்."

"அப்பா வந்தா அவருக்கு என்ன?"

"சொன்னாக் கேளுடி!"

சில்லறை பெட்டியைத் திறக்கவில்லை. சாவியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு நின்றாள். ஒரு பொய்யை மறைக்க இன்னொரு பில், அதை மறைக்க மற்றொன்று. இது எங்கே போய் முடியும்? டைரக்டர் கூப்பிடக் கூப்பிடத் திரும்பிப் பார்க்காமல் வேனை நோக்கி நடந்தாள்.

கூட்டம் கலைந்திருந்தது. கடைக்காரர் பின்கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நாடகம் நின்னா நிக்கட்டும். நான் நேரா ஆபீஸுக்குப் போறேன். பொய் பில்லுல கையெழுத்துப் போட்டது நான்தான்னு சொல்லிடப் போறேன். அவங்க என்ன யுனிவர்சிட்டிய விட்டே அனுப்பினாலும் சரி. ஆனா, பணம் எங்கன்னு கேட்டா நான் என்ன சொல்லுறது? அத மட்டும் சொல்லிடுங்க."

கடைக்காரர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் வரவேண்டிய அந்த முகத்தில் இரக்கம்தான் இருந்தது. அக்கம்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, குரலை இறக்கினார்.

"அத்தன பேர் முன்னாடி உங்க குடும்பக் கஷ்டத்தச் சொல்ல வேணாமேன்னுதாம்மா திருடன் பட்டத்தக்கூட வாங்கிக்கிட்டு நின்னேன்... உங்கப்பா ஆபரேஷனுக்குன்னு டைரக்டர் பொண்ணு அழுதுக்கிட்டு வந்து மொத்தத்தையும் வாங்கிட்டுப் போச்சே, இப்ப அவரு எழுந்து நடமாடுறாராம்மா?"