மூக்கடைத்த நாளில் ரம்

எங்கள் சான் டியேகோவில், ‘டிக்கி பார்’ என்னும் தீவு பாணி மதுக்கூடத்தில் அன்று மதியம் பழைய ஜமைக்கா ரம்களைச் சுவைக்கும் விருந்து. அதற்காக எட்டு மாதம் காத்திருந்தேன். அன்று பார்த்து எனக்கு ஜலதோஷம்.

முதல் கோப்பையை முகர்ந்தேன், ஒன்றும் தெரியவில்லை. குடித்தேன், தொண்டை எரிந்ததுதான் மிச்சம். ரம்மே பிடிக்காத என் மனைவி நாடீன், பக்கத்தில் கண்ணை மூடி ரசித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன வாசனை வருது?"

"அழுகின வாழைப்பழம். நல்லாத்தான் இருக்கு."

"கொஞ்சம் விளக்கமா சொல்லேன்."

"வாழைப்பழம் அழுகினா எப்படி இருக்கும்? அப்படித்தான். என்னைக் குடிக்க விடு வெஸ்லி."

நான் தும்மினேன். ரம் ஊற்றிய டொலோரஸ், "குடிக்க வந்தியா, தும்ம வந்தியா?" என்று சிரித்தாள்.

கடைசியாக, முப்பது வருடம் பீப்பாயில் கிடந்த ரம் வந்தது. ஆளுக்கு ஒரே மடக்கு. நாடீன் குடித்துவிட்டுக் காலிக் கோப்பையை மறுபடி முகர்ந்து பார்த்தாள்.

"எப்படி இருக்கு? சொல்லு!"

"சொல்லத் தெரியலயே."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் கோப்பையையும் அவள் பக்கம் தள்ளினேன்.

"இதையும் குடி. குடிச்சிட்டாவது ஒழுங்கா சொல்லு."

அதையும் நிதானமாகக் குடித்தாள். இப்போதும் சொல்லத் தெரியவில்லை என்று தலையைத்தான் ஆட்டினாள்.

வீடு வரும்வரை நான் அவளோடு பேசவில்லை.