மஞ்சள் அட்டைக்கும் வந்தவள்

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலை பத்தேகால் மணிக்கு வசந்தாமணி மல்லசமுத்திரத்தில் ஒரு பிரசவ அறையிலும் சேந்தமங்கலத்தில் ஒரு பிரசவ அறையிலும் இருந்தார். இரண்டு ஊருக்கும் நடுவே பஸ்ஸில் இரண்டு மணி நேரம். இரண்டு இடத்து நர்ஸுகளும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள்; பொய் எழுத அவர்களுக்கு நேரம் கிடையாது.

ஏற்காடு மலைப்பாதை தொடங்குகிற கொண்டப்பநாயக்கன்பட்டியில், பெயின்ட் கடை மாடியில் ஓர் ஆய்வு மையம் இருந்தது. அதன் தலைவர் டாக்டர் தீனதயாளன். அவருடைய பட்டங்கள் பெயர்ப்பலகையில் அடங்காமல் பக்கத்துச் சுவரிலும் தொடர்ந்தன. தலைச்சன் பிரசவத்துக்கு வரும் பெண்ணின் பக்கத்தில் ஓர் ஆள் இருந்தால் நல்லதா என்று கண்டறிவது அவருடைய ஆய்வு. வாரச்சந்தையில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். ஆனால் சந்தையில் சொல்வதற்கு அடிக்குறிப்பு கிடையாது. இருநூற்று நாற்பது பெண்கள், ஆளுக்கொரு ஒட்டிய உறை. உள்ளே நீல அட்டை இருந்தால் ஒரு துணை வரும். வலி எடுத்ததிலிருந்து கையைப் பிடித்துக்கொண்டு, முதுகைத் தேய்த்துக்கொண்டு கூடவே இருக்கும், பிறகு ஆறு வாரம் வீட்டுக்கு வந்து பால் கொடுக்கவும் கண்ணயரவும் ஒத்தாசை செய்யும். மஞ்சள் அட்டை இருந்தால் வழக்கமான வைத்தியத்தோடு ஒரு துண்டுப்பிரசுரம். அந்தப் பிரசுரத்தின் முகப்பில் பூரித்துச் சிரித்த தாய் டாக்டரின் மைத்துனி. அப்போது அவருக்குக் கல்யாணமே ஆகியிருக்கவில்லை.

துணைக்கு எட்டுப் பெண்களை வேலைக்கு எடுத்தார்கள். ஏழு பேர் ஒரு நேரத்தில் ஓர் இடத்தில்தான் இருந்தார்கள். எட்டாவது வசந்தாமணி, நாமக்கல் கோழிப்பண்ணை ஒன்றில் பதினோரு வருஷம் முட்டை தரம் பிரித்தவர். தன் தலைச்சனை அவர் பெற்றபோது புருஷன் போர்வெல் வண்டியோடு ஒடிசாவில் இருந்தான். பிடிக்க ஒரு கை இல்லாமல் கட்டில் கம்பியைப் பிடித்ததாகவும், கம்பி கொஞ்சம் வளைந்ததாகவும் நேர்காணலில் சொன்னார். அது படிவத்தில் 'முன் அனுபவம்' என்ற இடத்தில் ஏறியது.

நோட்டுகளை ஒப்பிட்டுப் பார்த்தவர் உதவியாளர் சபரிநாதன். சேந்தமங்கலத்துப் பெண்ணுக்கு மஞ்சள் அட்டை. தோண்டத் தோண்ட அதுவரை பிரசவித்த எழுபத்தொரு மஞ்சள் அட்டைக்காரிகளிடமும் வசந்தாமணி இருந்திருந்தார். டாக்டர் அவரைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"ஏம்மா, மஞ்சள் அட்டைக்காரங்ககிட்ட போகக் கூடாதுன்னு பயிற்சியில சொன்னமா இல்லையா?"

"சொன்னீங்க சார். நான் போகலீங்களே. மல்லசமுத்திரத்துல நீல அட்டை ரஞ்சனி பக்கத்துலதான் உக்காந்திருந்தேன்."

"அப்ப சேந்தமங்கலத்துல இருந்தது யாரு?"

"அதுவும் நான்தானுங்க. ஆனா போகலீங்க. அந்தப் புள்ள கூப்புட்டுச்சு, இருந்தேன்."

ஒரு மனுஷி இரண்டு இடத்தில் இருப்பது டாக்டரைப் பெரிதாக வியப்பில் ஆழ்த்தவில்லை. அவரே மூன்று கல்லூரிகளில் ஒரே நேரத்தில் பேராசிரியர். இரண்டு குழுவும் ஒன்றாகிவிடுமே என்பதுதான் கவலை. அதை அவர் நிதானமாக எடுத்துச் சொன்னார். நீலத்துக்கும் மஞ்சளுக்கும் வித்தியாசம் தெரிந்தால்தான் எல்லா ஊரிலும் துணை போட மேலிடம் சம்மதிக்கும். இனி ஒரு மஞ்சள் அட்டைக்காரி பக்கத்தில் அவர் தென்பட்டாலும் ஆய்வை மூட வேண்டியதுதான். அப்புறம் எவளுக்கும் துணை கிடையாது. டாக்டர் சொன்ன நியாயமான விஷயம் அது ஒன்றுதான் என்பதால், வசந்தாமணிக்கு அது புரிந்தது. "இனி இருக்க மாட்டேனுங்க" என்று சொல்லிவிட்டு, அன்று மத்தியானம் சாப்பிடாமல் போனார்.

அடுத்த மஞ்சள் அட்டை எருமப்பட்டி சத்யபிரியாவுக்கு விழுந்தது. வயது இருபத்திரண்டு, புருஷன் மாதேஸ்வரன் போர்வெல் வண்டியில் சத்தீஸ்கரில். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது வழக்கம். தாய் செத்து நாலு வருஷமாகியும் வழக்கம் சாகவில்லை, அதனால் அப்பன் சின்னண்ணன் மகளைக் கூட்டி வந்திருந்தார். வலி எடுத்ததும் ஆஸ்பத்திரி வரை வந்தார்; ஆம்பிளை உள்ளே போகக் கூடாது என்பதால் வராந்தாவில் வேட்டி நுனியை முறுக்கிக்கொண்டு நின்றார். சத்யபிரியா கையில் துண்டுப்பிரசுரத்தோடு தனியாக உள்ளே போனாள்.

டாக்டர் இதைச் சோதனையாகவே நடத்தினார். வசந்தாமணியை மாடி அறையில் தன் எதிரே உட்கார வைத்துக் கதவைப் பூட்டினார். சபரிநாதன் எருமப்பட்டிக்குப் போய், டாக்டருக்கு வீடியோ கால் போட்டு, நர்ஸ் சின்னாயியிடம் செல்போனைக் கொடுத்துவிட்டு, வெளியே சின்னண்ணனோடு நின்றார். பதினொரு மணிவரை திரையில் சத்யபிரியா மட்டும்தான் தெரிந்தாள். வசந்தாமணி நாற்காலிக் கையைப் பற்றிக்கொண்டு, கண்ணை இறுக மூடி, நாளைக்கு வரப்போகிற ஆயிரம் பெண்களை நினைத்துக்கொண்டிருந்தார். பதினொன்று ஐந்துக்கு சத்யபிரியா, "யாராச்சும் வாங்களேன்" என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. திரையில் வசந்தாமணி இருந்தார். நாற்காலியிலும் இருந்தார்.

"கையை எடும்மா!" என்று டாக்டர் கத்தினார்.

"கை என்னுதுதான் சார். புடிச்சிருக்கறது அந்தப் புள்ள" என்றார் நாற்காலியில் இருந்தவர். திரையில் இருந்தவர் திரும்பிப் பார்த்து, "செத்த இருங்க சார், தலை தெரியுது" என்றார். நர்ஸ் சின்னாயி போனைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டதால் அதற்கு மேல் அறிவியல் எதையும் பார்க்கவில்லை. பெண் குழந்தை, மூன்று கிலோ, நிலா என்று பெயர். நாற்காலியில் இருந்த வசந்தாமணியின் இடது மணிக்கட்டில் ஐந்து நகக்குறிகள் இருந்தன.

ஒன்பதாம் நாள் சத்யபிரியா சுவரைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு இந்தப் புள்ளையப் புடிக்கவே இல்லீங்க" என்றாள். கட்டிலோரம் இருந்த வசந்தாமணி அதற்கு ஒரு வார்த்தையும் புத்தி சொல்லவில்லை. "சரி, நான் வெச்சுக்கறேன். நீ தூங்கு சாமி" என்று வாங்கிக்கொண்டார். சத்யபிரியா நாலு மணி நேரம் தூங்கினாள். எழுந்து, "எங்க அவ?" என்று கேட்டாள். துண்டுப்பிரசுரத்தில் ஒன்பதாம் நாளைப் பற்றி ஒன்றும் இல்லை.

டாக்டர் சொன்னபடி ஆய்வை மூடவில்லை. மூடினால் கட்டுரை வராது. இருநூற்று நாற்பதையும் முடித்து, வசந்தாமணியை ஓரிடத்திலும் குறிப்பிடாமல், வெளிநாட்டு இதழில் வெளியிட்டார். வலி நேரம் இரண்டு குழுவிலும் குறைந்தது. தாய்ப்பாலும் தூக்கமும் இரண்டிலும் நன்றாக இருந்தன. ஆகவே துணைக்கும் துண்டுப்பிரசுரத்துக்கும் வேறுபாடு காணப்படவில்லை. மேலிடம் நாலு லட்சம் துண்டுப்பிரசுரம் அச்சடித்தது. டாக்டருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். எட்டுப் பெண்களும் வீட்டுக்குப் போனார்கள்.

வசந்தாமணி இப்போது பழைய கோழிப்பண்ணையிலேயே முட்டை தரம் பிரிக்கிறார். துண்டுப்பிரசுரம் போன ஊர்களிலெல்லாம் நல்ல பலன் தெரிவதாகச் செய்தி வருகிறது. பிரசவ அறைகளில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு வைக்கிறார்கள். நோட்டில் 'உடன் இருந்தவர்' என்ற இடத்தில் நர்ஸுகள் யாரையும் கேட்காமலே எல்லா ஊரிலும் ஒரே பெயரை எழுதிவிடுகிறார்கள். பண்ணையிலும் பழகிவிட்டது. வசந்தாமணி முட்டையோடு அப்படியே நின்றுவிட்டால் பக்கத்து மேஜை ராமாயி, "எந்த ஊருங்கக்கா?" என்பாள். "ஆத்தூர்ப் பக்கமாட்ட இருக்குது. தலச்சன்" என்பார் வசந்தாமணி. அவர் விரல்கள் இறுகுவதற்குள் ராமாயி முட்டையை வாங்கித் தட்டில் வைத்துவிட்டு, அவர் பங்கையும் சேர்த்துப் பிரிக்கத் தொடங்குவாள். இதுவரை ஒரு முட்டையும் உடையவில்லை.