சம்பந்தியம்மாவுக்கும் ஒரு வசை

டிரினிடாட்டின் பெனால் கிராமத்தில் துலாரிக்கு வாய் நீளம் என்று எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் பயம் உண்டு என்பது அந்தச் சனிக்கிழமை மத்தியானம்தான் தெரிந்தது.

மறுநாள் மகள் அஞ்சனிக்குக் கல்யாணம். மாப்பிள்ளையின் அம்மா ராஜ்பதி கல்யாணச் சேலையைக் கொடுக்க வந்து முன்னறையில் உட்கார்ந்திருந்தாள். பருப்பு ரொட்டியில் பருப்புக் குறைவு என்று சொல்லி, மூத்த மகனுக்கு நிச்சயித்த சம்பந்தத்தையே முறித்த மகராசி அவள்.

அந்த நேரம் பார்த்தா துலாரியின் தம்பி ஜெய்கரனின் ஒலிபெருக்கி வண்டி தெருவுக்குள் நுழைய வேண்டும்!

“மாப்பிள்ளையின் அத்தை சோன்மதி கரும்பு வெட்டப் போனாள்,
மேஸ்திரியின் தொப்பியோடு திரும்பி வந்தாள்!”

துலாரியின் குரல்தான். வெள்ளிக்கிழமை, கல்யாணத்துக்கு முன் பெண்கள் கூடி மண்ணெடுக்கும் சடங்கில் பாடியது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்களைப் பேர் சொல்லி வசை பாடுவது அதில் வழக்கம். அங்கே ஆண்களுக்கு இடமில்லை. ஆகவே பெண்கள் வாய்க்குப் பூட்டும் இல்லை. மெட்டு, கொள்ளுப்பாட்டிகளோடு பீகாரின் சாப்ராவிலிருந்து கப்பலேறி வந்தது. மேஸ்திரி இங்கே கரும்புத் தோட்டத்தில் பாட்டுக்குள் ஏறிக்கொண்டான். பெயர் மட்டும் கல்யாணத்துக்குக் கல்யாணம் மாறும். தம்பி பெண்டாட்டி அதை போனில் பிடித்துப் புருஷனிடம் நீட்டியிருக்கிறாள். அவன் டோலக்குக்கு அடியில் கார்னிவலில் ஆடும் சோக்கா இசையின் தாளத்தைப் போட்டு, காலையிலிருந்து ஊரைச் சுற்றுகிறான்.

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

“யாரு குரல் இது?” என்றாள் ராஜ்பதி.

“யாரோ... ரேடியோல...”

“ரேடியோவுக்கு என் நாத்தனாரைத் தெரியுமா?”

உள்ளறையில் மஞ்சள் பூசி உட்கார்ந்திருந்த மகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“மன்னிச்சிருங்க சம்பந்தியம்மா. பொம்பளைங்களுக்குள்ள பாடினது. உங்க பேரைத் தொடவே இல்லை, சத்தியமா! பயந்துகிட்டுத்தான் விட்டுட்டேன்.”

ராஜ்பதியின் முகம் இன்னும் கறுத்தது.

“அதைத்தான் கேக்கிறேன். ஊர் முழுக்க சோன்மதி பேரு முழங்குது. பையனைப் பெத்தவ நான். எனக்கு ஒரு வசை கிடையாதா? நான் என்ன, வேத்து மனுஷியா?”

சேலையைத் துலாரியின் மடியில் வைத்துவிட்டு ராஜ்பதி எழுந்தாள்.

“நாளைக்குப் பந்தல்ல மைக்கைப் பிடிச்சு என் பேரைப் போட்டுப் பாடு. அவளுக்கு ஒண்ணுன்னா எனக்கு ரெண்டு. இல்லேன்னா மாப்பிள்ளை காரை விட்டு இறங்க மாட்டான்.”

“ஆம்பளைங்க இருப்பாங்களே! பண்டிதர் வேற...”

“இருக்கட்டும். உன் தம்பி வண்டியில கேட்டவங்கதானே?”

அவள் போனதும் துலாரி அஞ்சனியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். இருபத்தாறு வருஷமாகப் புருஷன் முன்னால் அவள் பாடியதெல்லாம் பஜனைதான்.

“அம்மா, ரெண்டு அடிதானே?” என்றாள் அஞ்சனி.

“வாயை மூடுடி. அவளுக்கு எந்த மேஸ்திரியைப் போடுறது?”

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை கார் பந்தல் வாசலில் நின்றது, கதவு திறக்கவில்லை. ஜெய்கரன் தாளத்தைத் தட்டிவிட்டான். மைக்கைப் பிடித்த துலாரி, புருஷன் இருந்த பக்கம் திரும்பாமல் கண்ணை இறுக மூடிக்கொண்டு, ராஜ்பதியின் பெயரை எடுத்தாள்.